ஏங்க, கொஞ்சம் நில்லுங்க!
தம்பதியாக எவரெஸ்ட் அடிவாரம் போகிறவர்களுக்கு 22 குறிப்புகள்

பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இனி நமக்காகக் கொஞ்சம் வாழலாம் என்று கிளம்பும் தம்பதிகளின் பட்டியலில் காசிக்கும் கயிலைக்கும் பக்கத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமும் வந்து உட்கார்ந்துவிட்டது. இது சிகரம் ஏறும் வேலை இல்லை. கயிறும் பனிக்கோடரியும் வேண்டாம். நேபாளத்தின் லுக்லாவில் விமானம் விட்டு இறங்கி, போக வர சுமார் 130 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 12 முதல் 14 நாள் ஆகும். முகாம் இருப்பது 5,364 மீட்டர் உயரத்தில். வழியெங்கும் தங்க விடுதியும் சாப்பிடப் பருப்புச் சோறும் கிடைக்கும்.

தனியாகப் போகிறவருக்குப் பயிற்சி அட்டவணைகள் ஏராளம். தம்பதியாகப் போகும்போது சிக்கலே வேறு. உடம்பு இரண்டு, வேகம் இரண்டு, சமையலறை ஒன்றே ஒன்று. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

1. மூன்று மாதம் முன்னதாகவே வீட்டு வேலையைப் பங்கு போட்டு எழுதுங்கள். காலை ஐந்தரைக்கு இருவரும் நடைக்குக் கிளம்பினால், டிபன் பாக்ஸ் கட்டுவது யார்? பல வீடுகளில் கணவர் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடுவார். மனைவி "நாளையிலிருந்து வர்றேங்க" என்று அடுப்பைப் பற்ற வைப்பார். மூன்று மாதம் கழித்து ஒருவர் தயார், இன்னொருவர் வீட்டு வேலையிலேயே களைத்துப்போயிருப்பார். ஞாயிறு மாலை கிரைண்டர் போடுவதும், முதல் நாள் இரவே காய் நறுக்கி ஃபிரிட்ஜில் வைப்பதும் கணவர் பொறுப்பு என்று வையுங்கள். பயிற்சி நாட்களில் காலைக்கு அவல், பழையது, ரொட்டி போதும். படிக்கட்டு ஏறுவதை எழுதும் அதே காகிதத்தில் இதையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இந்த ஒன்று நடக்காவிட்டால் மற்ற 21 குறிப்புகளால் பயனில்லை.

2. டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்ப்பது வழக்கம். நாற்பது தாண்டியவர்களுக்கு டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பெண்கள் கட்டாயம் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆக்சிஜனைச் சுமப்பது அதுதான். ஊரிலேயே அது குறைவாக இருந்தால் மலையில் மூச்சு இன்னும் வாங்கும். இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யப் பல வாரம் ஆகும் என்பதால் கடைசி மாதத்தில் போய் நிற்காதீர்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

3. உயரத்துக்கு இங்கே பயிற்சி எடுக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீங்கள் நடக்கத் தொடங்கும் லுக்லா ஊரே 2,860 மீட்டர். ஆகவே ஊட்டியில் நாலு நாள் நடந்துவிட்டோம் என்று தெம்பு கொள்ள வேண்டாம். இங்கே பழக்க முடிந்தது காலையும் மூச்சையும் முதுகையும் மட்டும்தான். மீதியை மலையில் மெதுவாக ஏறித்தான் சம்பாதிக்க வேண்டும்.

4. வாரத்தில் நான்கு நாள் போதும். இரண்டு நாள் படிக்கட்டு, ஒரு நாள் வீட்டிலேயே தொடைக்கும் இடுப்புக்குமான பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை. தொடைப் பயிற்சிக்கு ஜிம் தேட வேண்டாம். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தை நிதானமாக, முழுசாக உட்கார்ந்து எழுந்து போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலி உயரம் வரை இறங்கினால் போதும். ஞாயிறு நடை முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் என்றால், கடைசி மாதத்தில் ஐந்து ஆறு மணி நேரத்தை எட்ட வேண்டும். மலையில் தினமும் நடக்கும் நேரம் அதுதான். கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

5. முன்னால் போகிறவர் நின்று காத்திருக்கும் முறையை ஒழியுங்கள். தம்பதி நடையில் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய வில்லங்கம் இதுதான். எங்கள் குடியிருப்பில் மாடிப்படி ஏறும் ஒரு தம்பதியைத் தினமும் பார்க்கிறேன். அவர் விறுவிறுவென்று நாலாவது மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, துண்டால் முகம் துடைத்து, பாட்டிலைத் திறந்து குடித்து, மூடியும் திருகிவிடுவார். அப்போதுதான் அவர் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் கால் வைப்பார். "வந்துட்டியா, போலாமா?" என்று அவர் திரும்பிவிடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகமாக ஏறியவருக்கு ஒவ்வொரு மாடியிலும் ஓய்வு. மெதுவாக ஏறியவருக்கு ஓய்வே இல்லை. அதற்கு மேல் "என்னால்தான் தாமதம்" என்ற உறுத்தல் வேறு. ஊரில் இதைத் தாங்கலாம். நாலாயிரம் மீட்டருக்கு மேல், பின்னால் வருபவர் மூச்சை மீறி எட்டிப் பிடிக்கப் பார்த்துப் படுத்துவிடுவார். எங்காவது காத்திருக்க நேர்ந்தால், பின்னால் வந்தவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "போலாம்" என்று சொன்ன பிறகே கிளம்புவது என்பது சட்டம்.

6. மெதுவாக நடப்பவர் எப்போதும் முன்னால். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே இதைப் பழகுங்கள். வேகக்காரருக்கு இது பெரிய சோதனை, முன்னே போய்விடக் கால் துடிக்கும். அவருக்கு வேலை வேண்டுமென்றால் சுமையைக் கூட்டுங்கள். தண்ணீர், மருந்துப் பை, இருவரின் மழைக்கோட்டு எல்லாம் அவர் முதுகுக்கு மாறட்டும். வேகம் தானாகச் சமமாகிவிடும்.

7. ஏறும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். "ஆமா", "ம்" என்று மட்டும் வந்தால் வேகம் அதிகம். மளிகைக் கணக்கைப் பேசிக்கொண்டே, ஏன், சின்னதாகச் சண்டை போட்டுக்கொண்டே ஏற முடிந்தால் அதுதான் சரியான வேகம். இந்த அளவுகோல் தம்பதிகளுக்கென்றே அமைந்தது.

8. முதுகுப்பையில் எடை ஏற்ற இரும்புக் குண்டு வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிப் போடுங்கள்; பாட்டில் ஒன்று, கிலோ ஒன்று. முதல் மாதம் மூன்று, பிறகு ஐந்து ஆறு. மேலே போனதும் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையுடன் இறங்கினால் முழங்கால் பிழைக்கும். மலையில் பெரிய பையைப் போர்ட்டர் சுமப்பார் என்றாலும், தண்ணீர், ஜாக்கெட், மழைக்கோட்டு, தின்பண்டம் எல்லாம் சேர்ந்து உங்கள் முதுகில் ஐந்து ஆறு கிலோ எப்படியும் இருக்கும்.

9. இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும். ஏறும்போது நெஞ்சு வலிக்கிறது என்பார்கள், ஆனால் மறுநாள் மாடிப்படியைப் பார்த்தாலே பயம் வருவது இறங்கியதால்தான். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது இறங்கும்போதுதான். லிஃப்டில் இறங்கிவிடாமல் வாரம் ஒரு நாளாவது வெறும் பையுடன் படியில் மெதுவாக இறங்குங்கள், குதிகால் தட்டாமல். கடைசி மாதம் இரண்டு பாட்டில் எடையோடு இறங்கிப் பாருங்கள். ட்ரெக்கிங் போல் எனும் ஊன்றுகோல்களை ஆளுக்கு இரண்டாக வாங்கி இப்போதே பழகுங்கள். ஏறும்போது நீளத்தைக் குறைத்தும் இறங்கும்போது கூட்டியும் வைப்பது வழக்கம்.

10. மாடிப்படி சலித்துவிட்டால் கோயில் படிகள் இருக்கின்றன. திருக்கழுக்குன்றம் 565 படி, பழனி 693, சோளிங்கர் பெரிய மலை 1,305. கடைசி மாதத்துக்கு அலிபிரி வழியாகத் திருமலை: சுமார் 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டு வழி 2,388 படிகளோடு குட்டையாக இருந்தாலும் செங்குத்து அதிகம். சாமி கும்பிட்ட புண்ணியமும் சேரும் என்பதால் வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி வாங்குவதும் சுலபம். அங்கெல்லாம் ஷூ போட முடியாது, போடவும் கூடாது. ஷூவைப் பழக்க வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

11. காட்டுப் பாதைக்கு அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கப்பட்டது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியும் உடன் வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுவார்கள். கெஞ்சவோ குறுக்கு வழி தேடவோ வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்ததை நாம் மறக்கவில்லை.

12. ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்து கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்க்கும்போது விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். புது ஷூவோடு லுக்லாவில் இறங்குகிறவர்களுக்குக் கொப்புளம் நிச்சயம். குறைந்தது நாலைந்து நீண்ட நடைக்காவது அது உங்கள் காலில் இருந்திருக்க வேண்டும்.

13. பருத்தி பனியனை வீட்டிலேயே விடுங்கள். வேர்வையில் நனைந்தால் காயாது. நின்றவுடன் ஈரம் குளிராக மாறி முதுகைப் பிடிக்கும். உள்ளே சீக்கிரம் காயும் செயற்கை இழை, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. புடவை, சுடிதாரிலேயே பழகிய பெண்கள் மலைக்கான பேன்ட்டைப் பயிற்சி நாட்களிலேயே போட்டு நடந்து கூச்சத்தைத் தெருமுனையில் விட்டுவிடுங்கள்.

14. எதைப் பகிரலாம், எதைக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க், பற்பசை, சன்ஸ்கிரீன், நகவெட்டி, மருந்துப் பெட்டி ஆகியவை இருவருக்கும் ஒன்று போதும். டார்ச், தண்ணீர் பாட்டில், விசில், மழைக்கோட்டு, கொஞ்சம் நேபாள ரூபாய், அடையாள அட்டை ஆகியவை ஆளுக்கொன்று, அவரவர் பையில். கணவர் பையிலேயே எல்லாம் இருந்து, அவர் முக்கால் மணி நேரம் முன்னால் போய்விட்டால் மனைவி நடுவழியில் ஒரு டீகூடக் குடிக்க முடியாது. விமானத்தில் நேபாளம் போக ஆதார் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்.

15. சமையலறை டப்பாக்களிலிருந்து ஒரு சிறு பை கட்டுங்கள். உயரம் போகப் போகப் பசி மந்தமாகும், வாய் கசக்கும். விடுதியில் கேட்கக் கேட்கப் போடும் பருப்புச் சோறு நல்ல சாப்பாடு, ஆனால் ஐந்தாம் நாள் அதைப் பார்த்தாலே வெறுக்கும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளி இஞ்சி இருந்தால் அதே சோறு உள்ளே இறங்கும். குமட்டலுக்கு உப்பு நார்த்தங்காயை மிஞ்சியது இல்லை. நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை. இரண்டும் குளிரில் கல்லாகும் என்பதால் சின்னதாக உடைத்துக் கட்டுங்கள். எண்ணெய் ஊறுகாயை மட்டும் தவிருங்கள். பை சாய்ந்தால் துணிமணி அத்தனையும் போச்சு.

16. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். பெண்கள் பலர் செய்வது இதுதான், தலைவலிக்குப் பாதிக் காரணமும் இதுதான். நாளுக்கு மூன்று லிட்டரை ஒட்டிக் குடிக்க வேண்டியிருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. மறைவிடம் தேட ஒரு பெரிய துப்பட்டாவும், பிடித்து நிற்க ஒரு கணவரும் போதும். மாதவிடாய் நாள் பயணத்தில் வருமானால் அதைத் தள்ளிப்போடும் மாத்திரை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், கடைசி நிமிடத்தில் தானாக வாங்கிப் போடாதீர்கள். தேதி எப்படி இருந்தாலும் நாப்கின் எடுத்துவையுங்கள், உயரத்தில் சுழற்சி முன்னே பின்னே ஆவது உண்டு. பயன்படுத்தியதைக் கட்டிக் கீழே கொண்டுவர ஒரு கறுப்பு உறையும் வேண்டும்.

17. பயண நிறுவனத்தின் அட்டவணையை விலையை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவ விதி. அதனால்தான் 3,440 மீட்டரில் நாம்சே பஜாரிலும், 4,410 மீட்டரில் திங்போச்சேயிலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறார்கள். ஒரு நாள் மிச்சம் என்று ஓய்வு நாளை வெட்டும் அட்டவணை மலிவாக இருந்தாலும் வேண்டாம். அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும், பணத்தால் அதைச் சுருக்க முடியாது. அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் விரல் நுனி மரமரப்பது சகஜம்.

18. ஒருவரை ஒருவர் கண்காணியுங்கள், தன்னைத் தானே அல்ல. தினமும் காலையில் நான்கு கேள்வி: தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, சாப்பிட முடிந்ததா, தூங்கினாயா? ஓட்டப்பந்தயம் ஓடியவரையும் உயர நோய் விட்டுவைக்காது. கட்டுடம்புக்காரர் வேகமாக ஏறிவிடுவதால் மாட்டிக்கொள்வதும் அதிகம். மூளை வீங்கத் தொடங்கினால் நடை தள்ளாடும். குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். குழப்பம், காரணமில்லாத எரிச்சல்கூட அறிகுறிதான். இது வழக்கமான கோபமா, உயரத்தின் கோபமா என்று வழிகாட்டிக்குத் தெரியாது, இருபது வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும் விடியும் வரை காத்திருக்காமல் உடனே இறக்குங்கள். கீழே இறங்குவதே முதல் மருந்து. கொரோனா காலத்து ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும், எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

19. இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு சில விநாடி நின்று, பிறகு பெருமூச்சாக வரும். முதல் முறை கேட்பவருக்கு அடிவயிறு கலங்கும். இது உயரத்தில் பலருக்கும் வருவதுதான், வேறு அறிகுறி இல்லையென்றால் பதற வேண்டியதில்லை. தூக்க மாத்திரையும் மதுவும் மட்டும் கூடவே கூடாது. படுக்கும்முன் இறுக்கமாக மூடும் பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் அதையே குடிக்கலாம். போனையும் பவர் பேங்கையும் தூக்கப்பைக்குள் வைத்தால் சார்ஜ் இறங்காது. இடப்பக்க ஜிப் ஒன்று, வலப்பக்க ஜிப் ஒன்று என்று ஒரே வகைத் தூக்கப்பை வாங்கினால் இரண்டையும் இணைத்துப் படுக்கலாம்.

20. ஒருவர் திரும்ப நேர்ந்தால் மற்றவர் என்ன செய்வது என்பதை வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பேசி முடியுங்கள். மலையில், களைப்பில் பேசினால் அது பேச்சாக இருக்காது. லேசான களைப்பு என்றால் ஒருவர் வழிகாட்டியுடன் விடுதியில் இருக்க, மற்றவர் குழுவோடு போய் வரலாம். உயர நோய் என்றால் இருவரும் இறங்குவது. "இவ்வளவு செலவு பண்ணிட்டோம்" என்ற வாக்கியத்தை யாரும் பேசுவதில்லை என்றும் சேர்த்து முடிவெடுங்கள். 1990இல் எவரெஸ்ட் உச்சியையே ஒன்றாக எட்டிய முதல் தம்பதி ஸ்லோவேனியாவின் மரியாவும் ஆந்த்ரே ஷ்ட்ரெம்ஃபெலும். நமக்கு அடிவாரம் போதும், அதுவும் கட்டாயமில்லை.

21. இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாத பயணம் இது. மாமனார் மாமியார் மருந்துப் பட்டியல், கேஸ் பதிவு செய்யும் எண், வங்கி விவரம், சாவி இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். காப்பீடு வாங்கும்போது மலை நடை, 5,500 மீட்டர் உயரம், ஹெலிகாப்டர் மீட்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல இவற்றை விலக்கிவிடும்.

22. திரும்பும் டிக்கெட்டில் இரண்டு நாள் உபரி வையுங்கள். லுக்லா ஓடுதளம் 527 மீட்டர் நீளம்தான். மேகம் இறங்கினால் விமானம் வராது. நாள் கணக்கில்கூடக் காத்திருக்க நேரும். ஊர் திரும்பிய மறுநாளே கல்யாணம், அலுவலக ஆடிட் என்று எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.